கைக்கு ஏற்ற பேனா, மைக்கு ஏற்ற தாள்

பேனா வாங்க வருகிறவர் கையில் முதலில் ஒரு நல்ல தாளைக் கொடுப்பது எங்கள் கடை வழக்கம். பாளையங்கோட்டையில் மாமா பேனா ரிப்பேர் கடையாக ஆரம்பித்தது அது. பிறகு மையும் காகிதமும் கவரும் சேர்ந்து எழுதுபொருள் கடை ஆயிற்று. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தால் நல்ல பேனாவும் மட்டமான பேனாவும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் லெட்ஜர் தாளை நாலாக வெட்டி, நூல் கட்டி, மேசை மேல் எப்போதும் வைத்திருப்போம்.

அந்தத் தாளில் பெரும்பாலானவர்கள் முதலில் எழுதுவது பிள்ளையார் சுழி. மேலப்பாளையத்திலிருந்து வருகிறவர்கள் 786 போடுவார்கள். பாளையங்கோட்டைக் கிறிஸ்தவக் குடும்பங்களில் சிலர் மூலையில் சின்னதாக ஒரு சிலுவை போடுவார்கள். கடை அடைக்கும் நேரத்தில் ஒரே தாளில் மூன்றும் பக்கம் பக்கமாக இருக்கும். அந்தத் தாள்களைக் குப்பையில் போட எனக்கு மனம் வருவதில்லை. பெட்டியில் சேர்த்துவைத்திருக்கிறேன்.

சுழிக்குப் பிறகு பெயர், பெயருக்குப் பிறகு கையெழுத்து. கையெழுத்தை வைத்துப் பேனாவை முடிவு செய்யக் கூடாது. அது விரலுக்குப் பழகிப்போனது, எதை வைத்துக் கிறுக்கினாலும் ஓடிவிடும். “யாருக்காவது கடிதம் போடுவதாக நினைத்து, விலாசம் எழுதுங்க” என்பேன். கதவு எண், தெரு, ஊர், பின்கோடு என்று எழுதும்போதுதான் அவர் கையின் உண்மையான வேகம் தெரியும். பேனாவை எவ்வளவு சாய்க்கிறார், எங்கே அழுத்துகிறார், வரி முடிவில் கையைத் தூக்குகிறாரா இழுத்துக்கொண்டே போகிறாரா என்பதெல்லாம் அதில் வந்துவிடும். “பேனாவத் தொறக்கதுக்கு முன்னால ஆளப் பாருடே” என்று மாமா சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

தமிழ் எழுத நிப் தேர்ந்தெடுப்பது தனி வேலை. ஆங்கில எழுத்துகளில் பேனாவைப் பெரும்பாலும் நம்மை நோக்கிக் கீழே இழுக்கிறோம். தமிழில் பேனா எல்லாத் திசைக்கும் போய்வர வேண்டும். ‘டி’ எழுதும்போது வலக்கோடியிலிருந்து மேலே ஏறி இடப்பக்கம் வளைகிறது. ‘ழ’வின் வால் கீழே இறங்கிச் சுழிக்கிறது. ‘ஞ’வும் ‘இ’யும் நிப்பைச் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டு போகும். இழுப்பதைப் போலவே தள்ளவும் வேண்டியிருப்பதால், அலங்கார எழுத்துக்காக நுனியைப் பட்டையாக வெட்டிய நிப், தள்ளும் இடத்தில் தாளைக் குத்தும். அதற்காக மிகத் தடித்த நிப்புக்குப் போனாலும் சங்கடம்தான். சின்ன எழுத்துக்காரர் தடித்த நிப்பில் எழுதினால் மூன்று சுழி ‘ண’வுக்கும் இரண்டு சுழி ‘ன’வுக்கும் வித்தியாசம் தெரியாமல் மையில் மூடிப்போகும். நடுத்தர எழுத்துக்கு ஐரோப்பிய ஃபைன் நிப் சரியாக இருக்கும். ஜப்பான் நிப் என்றால் மீடியம் கேட்டு வாங்க வேண்டும். அவர்களுடைய அளவு ஒரு படி மெலிந்தது, ஜப்பான் மீடியமும் ஐரோப்பிய ஃபைனும் ஏறக்குறைய ஒரே கோடுதான் போடும். நுனி எல்லாப் பக்கமும் உருண்டு இருக்க வேண்டும் என்பதே முக்கியம். அதைப் பிள்ளையார் சுழியே காட்டிக்கொடுத்துவிடும். வளைவும் நேர்க்கோடும் அதில் இருக்கின்றன. நிப்பின் இரண்டு பிளவுகளும் சமமாக இல்லையென்றால் வளைவு திரும்பும் இடத்தில் ‘கிரீச்’ என்று கேட்கும்.

மாமா என்னை முதலில் கழுவும் வேலையில்தான் உட்காரவைத்தார். “எழுதவே மாட்டேங்குது அண்ணாச்சி” என்று வருகிற பேனாக்களில் பெரும்பாலானவற்றுக்கு நோய் ஒன்றுதான், காய்ந்த மை. கழுத்தைக் கழற்றிப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். அவசரப்பட்டு வெந்நீர் ஊற்றக் கூடாது, எபனைட் பேனாவின் கறுப்பு வெளுத்துப் பழுப்படித்துவிடும். வெயிலில் கிடந்தாலும் அப்படித்தான் ஆகும். எபனைட் என்பது ரப்பரோடு கந்தகத்தை அதிகமாகச் சேர்த்து வேகவைத்து இறுக்கிய பொருள். தேய்த்தால் இன்றும் கந்தக வாசனை வரும். ஊறிய நிப்பை எடுத்து நாக்கைப் பிரித்து, காகிதம்போல மெல்லிய பித்தளைத் தகட்டை நிப்பின் கீறலில் ஒருமுறை விட்டு எடுத்தால் பிசிறெல்லாம் வந்துவிடும். நாக்கு என்று நாங்கள் சொல்வது நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையை. அதில் கீறியிருக்கும் மெல்லிய வாய்க்கால்கள் வழியாக மை தானாக நுனிக்கு வருகிறது. வருகிற மையின் இடத்தை நிரப்ப, அதே வழியில் காற்று உள்ளே போகிறது.

“பேனா மூச்சு விடணும்” என்பார் மாமா. சொட்டுமருந்துக் குழாயால் மை ஊற்றும் பழைய பேனாக்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மை கால்வாசிக்கு இறங்கிய பிறகு உள்ளே காற்று அதிகம். கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையைத் தள்ளும், நடு வரியில் ஒரு பெரிய சொட்டு விழும். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு அதனால்தான் முழுக்க ஊற்றிக்கொண்டு போகச் சொல்வோம்.

கடைக்கு வந்த பேனாக்களில் திறக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை தோன்றுகிற பேனா பார்க்கர் 51. அமெரிக்காவில் 1941-இல் விற்பனைக்கு வந்தது. நிப் முழுவதும் கூட்டுக்குள் மறைந்திருக்கும், நுனி மட்டும்தான் வெளியே தெரியும். கூட்டை அரக்கு வைத்து ஒட்டியிருப்பார்கள். உலர்ந்த வெப்பத்தை இதமாகக் காட்டி இளக்கினால்தான் கழலும். உள்ளே சீப்புப் பற்கள்போல அடுக்கடுக்காக ஒரு உருளை இருக்கும். மிஞ்சி வரும் மையைச் சொட்டவிடாமல் பிடித்து வைத்துக்கொள்வது அதுதான். 1948-க்குப் பிறகு வந்தவற்றில் மை உறிஞ்சும் பை கெடுவதே அபூர்வம். தாத்தாவின் பேனா என்று கொண்டுவந்தவர்களுக்குக் கழுவி மட்டும் கொடுத்து அனுப்பியதுண்டு. நம் ஊரில் பலர் ஆசையோடு வைத்திருந்த சீனத்து ஹீரோ பேனா அதன் சாயலில் வந்ததுதான். விலை குறைவு, உழைப்பு அதிகம். ஆசிரியர்கள் சட்டைப் பையில் அந்தத் தங்க நிற மூடியைப் பார்த்து வளர்ந்த தலைமுறை என்னுடையது.

நம் நாட்டுப் பேனாவுக்கும் ஒரு நல்ல கதை இருக்கிறது. ராஜமுந்திரியில் ரத்னம் என்கிற பொற்கொல்லர் முழுக்க உள்நாட்டிலேயே பேனா செய்தார். அது ஜே.சி. குமரப்பா வழியாகக் காந்தியிடம் போய்ச் சேர, 1935-இல் காந்தி நன்றிக் கடிதம் எழுதினார். குமரப்பா தஞ்சாவூரில் பிறந்தவர், காந்தியின் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர். அந்தச் சங்கம் கையில் எடுத்த தொழில்களில் கைக்காகிதமும் ஒன்று என்பதால் அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம். எபனைட் தண்டைக் கடைந்து கையால் பேனா செய்கிறவர்கள் இன்று திருவள்ளூரில் இருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் அளவு சொல்லி, காத்திருந்து வாங்குகிறார்கள். நம்மவர்களும் வாங்க வேண்டும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

பேனா நல்லதாக இருந்தும் எழுத்து சரியாக வராதவர்களிடம் நான் கேட்கும் அடுத்த கேள்வி, “என்ன மை ஊத்துதீங்க?” நம் ஊர்ப் பள்ளிக்கூடங்கள் பிரில், கேமல் மைகளில் எழுதி வளர்ந்தவை. அந்த நீலம் தண்ணீரில் கரைத்த சாயம். பேனாவுக்குக் கெடுதல் செய்யாது, துணியில் பட்டாலும் துவைத்தால் போகும். ஆனால் தாளில் தண்ணீர் பட்டாலும் போய்விடும். பத்திரம், பதிவேடு எழுதியவர்கள் வேறு மை வைத்திருந்தார்கள். கடுக்காயை இடித்து ஊறவைத்து, அந்தத் துவர்ப்புச் சாற்றில் அன்னபேதியைச் சேர்த்தால் மை கிடைக்கும். அன்னபேதி இரும்பு உப்பு. எழுதும்போது வெளிறியிருக்கும் வரி, காற்றுப் பட்டுப் பட்டுக் கறுக்கும். கறுத்த பிறகு கழுவினாலும் போகாது. இரும்பு நிப்பை அது அரித்துவிடும், தங்க நிப்பை ஒன்றும் செய்யாது. தங்க நிப்புக்கு மதிப்பு வந்ததில் பகட்டு மட்டும் காரணமில்லை என்பதை அந்த மையில் எழுதியவர்கள் அறிவார்கள்.

இனிக் காகிதம். கடையில் நான் அதிகம் பேசுவது இதைப் பற்றித்தான், வாங்க வருகிறவர்கள் மிகக் குறைவாகக் கவனிப்பதும் இதைத்தான். ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பேனா வாங்கி, ஜெராக்ஸ் எடுக்கும் தாளில் எழுதிவிட்டு, “மை ஊறுது, பேனா சரியில்லை” என்று வருவார்கள். தாள் என்பது நார். அந்த நாருக்குத் தண்ணீர் குடிக்கும் குணம் இயற்கை. ஆலையில் பசையும் ரெசினும் சேர்த்து அதன் தாகத்தை அடக்குகிறார்கள். அடக்கியது போதவில்லை என்றால் மை வரியின் இரண்டு பக்கமும் முடிமுடியாகப் பரவும், பின்பக்கமும் இறங்கும். அளவுக்கு மீறி அடக்கினால் மை மேலேயே நின்று, கை பட்டு இழுபடும். துளியும் அடக்காமல் விட்டதுதான் மையொற்றும் தாள். குறைவாக அடக்கியதற்கும் அதிகமாக அடக்கியதற்கும் நடுவில், மை ஒரு நொடி ஈரமாக மின்னிவிட்டு அந்த இடத்திலேயே அமர்கிற தாள் நல்ல கடிதத்தாள்.

நான் பார்க்கும் சோதனை எளிது. தாளில் ஒரு பெரிய ‘ண’ போட்டு, சுழிகள் தெளிவாக நிற்கின்றனவா என்று லென்ஸில் பார்ப்பேன். பின்பக்கம் திருப்பிப் பார்ப்பேன். பிறகு தாளைக் காதருகே வைத்து உதறுவேன். நல்ல லெட்ஜர், பாண்ட் தாள்கள் சடசடவென்று பேசும், மட்டமானது தொளதொளக்கும். கணக்குப் புத்தகத்துக்கென்று செய்த லெட்ஜர் தாளைத்தான் கடிதத்துக்கும் சிபாரிசு செய்வேன். பேனா மையில் எழுதி, வருஷக்கணக்கில் புரட்ட வேண்டும் என்று நினைத்துச் செய்தது அது. விலையும் அதிகமில்லை. மேப்லித்தோ அச்சுக்கு உகந்த தாள். பேனாவுக்கு ஒரு ரீம் சரியாக இருக்கும், அடுத்தது கைவிடும். வாங்கும்போது ஒரு தாள் எழுதிப் பார்த்துத்தான் எடுப்பேன்.

தாளுக்கு ஓட்டம் உண்டு. ஆலையில் கூழ் ஓடிய திசையில் நார்கள் படுத்திருக்கும். அந்தத் திசையில் மடித்தால் மடிப்பு கத்தி வைத்ததுபோல் விழும், குறுக்கே மடித்தால் பொங்கி நிற்கும். கடிதத்தாள் வெட்டும்போது மடிப்பு விழும் பக்கம் பார்த்துத்தான் வெட்டுவோம். வாங்குகிறவருக்கு இது தெரியாது. உறையைத் திறந்து தாளை விரிக்கிற இன்னொருவர் கைக்குத்தான் தெரியும். இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது. நாங்கள் விற்பது ஒருவரிடம், அது போய்ச் சேர்வது நாங்கள் பார்க்கவே போகாத ஒருவரிடம்.

கைக்காகிதத்தில் எழுத ஆசைப்படுகிறவர்களுக்குப் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக் காகிதத்தைக் காட்டுவேன். பருத்தித் துணி வெட்டுக் கழிவை நறுக்கி, அரைத்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் ஒவ்வொரு தாளாக அள்ளி, துணிமேல் கவிழ்த்து, அழுத்தி நீர் வடித்து, காயவைத்து எடுப்பது. மரக்கூழைவிடப் பருத்தி நார் நீளம், அதனால் தாளுக்கு வலு. அதிலும் பூவிதழ், வைக்கோல் பதித்தவை பார்க்க அழகு, எழுத ஆகாது. நிப் நுனியில் நார் சிக்கும். உருளையில் அழுத்தி வழவழப்பாக்கிய வெள்ளைத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும்.

மெல்லிய தாளின் காலம் ஒன்று இருந்தது. மேலப்பாளையத்திலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் வளைகுடாவுக்கு ஆட்கள் போனபோது, விமான அஞ்சலுக்குக் கிராம் கணக்கில் காசு. தாய்மார்களும் மனைவிமார்களும் கடைக்கு வருவார்கள். “கனம் இருக்கக் கூடாது, ரெண்டு பக்கமும் எழுதணும், பின்னாடி தெரியவும் கூடாது” என்று கேட்பார்கள். ஏரோகிராம் மலிவுதான், ஆனால் உள்ளே ஒன்றும் வைக்கக் கூடாது. பிள்ளையின் போட்டோ வைக்க வேண்டுமே! அவர்களுக்கென்று வெங்காயத்தோல் போன்ற தாளும், மெலிந்த நிப்பும், சற்று வெளிறிய நீல மையும் ஒரு கூட்டாக எடுத்து வைத்திருந்தோம். அதோடு ஒரு கோட்டுத்தாள் இலவசம். கெட்டி அட்டையில் மாமா கறுப்பு மையால் தடிப்பாகக் கோடு போட்டுக் கொடுப்பார், அதை அடியில் வைத்துக்கொண்டால் மேல் தாளில் வரி கோணாது. பின்னால் கேஸட்டில் பேசி அனுப்பும் வழக்கம் வந்தது. குரல் கேட்டது, சந்தோஷம்தான். ஆனாலும் போட்டோவோடு இரண்டு வரி வைக்க அந்தத் தாள் வாங்க வருவது நிற்கவில்லை.

கடிதத்தை இலக்கியமாக்கியவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். வண்ணார்பேட்டையில் வட்டத்தொட்டி என்ற இலக்கிய அவை கூட்டிய ரசிகமணி டி.கே.சி. நண்பர்களுக்கு எழுதியவை புத்தகமாக நிற்கின்றன. புதுமைப்பித்தன் மனைவி கமலாவுக்கு எழுதியவை அப்படித்தான். இடைசெவலில் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் எழுதிக்கொண்டார்கள். அழகிரிசாமி 1970-இல் போன பிறகு அவருடைய கடிதங்களைக் காப்பாற்றிப் பதிப்பித்தவர் கி.ரா. வண்ணதாசன் கடிதங்களையும் தொகுப்பாக வாசித்திருக்கிறோம். இவர்களில் யாரும் பத்திரிகைக்கு என்று நினைத்து அவற்றை எழுதவில்லை. எதிரில் ஒரே ஒருவரை நினைத்து எழுதினார்கள். கைக்குப் பேனா, பேனாவுக்கு மை, மைக்குத் தாள் என்று எல்லாம் ஒத்துப்போனால் கருவி மறந்துபோகும், அந்த ஒருவர் மட்டும் மனதில் நிற்பார். என் வேலை அந்த ஒத்துப்போதலை ஏற்பாடு செய்வது என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது வருகிறவர்களில் இளம் வயதினர் கணிசம். ஹாஸ்டலில் இருக்கும் தோழிக்கு, பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணனுக்கு, நிச்சயமான பெண்ணுக்கு என்று எழுத வாங்குகிறார்கள். என்ன வாங்கலாம் என்று கேட்டால் பெட்டியில் அழகாக அடுக்கிய செட்டைக் காட்ட மாட்டேன். ஒரு நடுத்தர விலைப் பேனா, ஒரு புட்டி நீல மை, 100 ஜிஎஸ்எம் லெட்ஜர் தாள் கொஞ்சம், அதே நிறத்தில் உறை, இது போதும். தபால் கணக்கையும் சொல்லிக்கொடுப்பேன். ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு. ஏ4 தாள் ஒன்று ஒரு சதுர மீட்டரில் 16-இல் ஒரு பங்கு. ஆகவே 80 ஜிஎஸ்எம் தாள் 5 கிராம், 100 ஜிஎஸ்எம் தாள் 6 கிராமுக்குச் சற்று அதிகம். சாதாரணக் கடிதத்துக்கு முதல் படி 20 கிராம் வரை. 100 ஜிஎஸ்எம்மில் இரண்டு தாளும் உறையும் அதற்குள் அடங்கும். இரண்டு தாளில் நான்கு பக்கம் கிடைக்கிறது, மனம் விட்டுப் பேச அது தாராளம். உறைக்குக் கோந்து தடவும்போது ஓரத்தில் மட்டும் மெல்லிசாகத் தடவ வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் தாளும் ஒட்டிக்கொள்ளும்.

பழைய கடிதங்களைத் தூக்கிக்கொண்டும் பலர் வருகிறார்கள். பெரும்பாலும் கம்பியில் குத்தி வைத்தவை. நடுவில் துரு, ஓரத்தில் ராமபாணப் பூச்சி அரித்த தடம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘லை’, ‘ணை’, ‘றா’ எல்லாம் அவற்றில் இருக்கும், பேரப்பிள்ளைகளுக்கு வாசிக்கச் சிரமம். கூட உட்கார்ந்து வாசித்துக் காட்டுவேன். அவர்கள் கேட்பது பெரும்பாலும் லேமினேஷன். தயவுசெய்து செய்யாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் மன்றாடுகிறேன். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது, தாளும் அதோடு போகும். நகல் எடுத்து நகலை லேமினேஷன் செய்துகொள்ளலாம். அசலைக் கம்பியிலிருந்து கழற்றி, மடிப்பைப் பிரித்துத் தட்டையாக வைத்து, கஞ்சி போடாத பழைய பருத்தித் துணியில் சுற்றி, ஈரமும் வெளிச்சமும் படாத அலமாரியின் நடுத்தட்டில் வைக்க வேண்டும். சுவரில் சட்டம் போட்டு மாட்டினால் சாய மை வெளுத்துவிடும். உறையை எறியக் கூடாது. எழுதியவர் தேதி போட மறந்திருந்தாலும், அஞ்சல் முத்திரையில் ஊரும் நாளும் இருக்கும்.